தோட்டத்துச் சோறும் பல்கலைக் கழகப் பாடமும்



நம் பிள்ளைகளில் சிலர் இன்று பல்கலைக் கழகங்களில் பயில்கிறார்கள். விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, ‘பருவநிலை மாற்றம்’ என்றும் ‘நீடித்த உணவு முறை’ என்றும் புதிய சொற்களைப் பேசுகிறார்கள். நாம் உண்ணும் உணவுக்கும் உலகம் சூடேறுவதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். இறைச்சியைக் குறைக்க வேண்டும், பருப்பையும் கீரையையும் கூட்ட வேண்டும், ஒரு பருக்கையும் வீணாகக் கூடாது என்கிறார்கள். கேட்டுக் கொண்டிருக்கும் பாட்டிக்குச் சிரிப்பு வருகிறது. “இதப் படிக்கத்தான் அம்புட்டுத் தூரம் போனியாய்யா?” என்கிறார்.

பாட்டியின் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் பேச்சிலும் உண்மை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்களின் சோற்றுத் தட்டு எப்படி அமைந்தது, எப்படி மாறியது என்ற வரலாற்றை இன்று பார்ப்போம்.

மலைக்கு வந்த வழி

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் மாநிலத்தின் இந்த மலைப் பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் நாடவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பிறகே, இதைக் குளிர்வாசத் தலமாக்கும் திட்டம் உருவாயிற்று. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை மலைப் பாதை வெட்டப்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரைத் துணையாகக் கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தார் பாரத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினர்.

இத்தோட்டங்களில் காடு வெட்டிய கைகளிலும், சரிவுகளில் கன்று நட்ட கைகளிலும், கொழுந்து கிள்ளிய கைகளிலும் தமிழர் கைகள் மிகுதி. சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு, தென் ஆற்காடு, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகவும் பிற வழிகளாலும் மலாயாவுக்கு வந்த குடும்பங்கள் அவை. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தும் வரை அந்த வருகை நீடித்தது.

அவர்கள் ஊரில் என்ன உண்டார்கள்? வறண்ட மாவட்டங்களில் அன்றாட உணவு கேழ்வரகும் கம்பும் சோளமும்தான். நெல்லுச் சோறு பலருக்குத் திருநாள் உணவு. மலாயாவில் நிலைமை மாறிற்று. பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வந்து இறங்கியது. தொழிலாளி முதல் முறையாக நாள்தோறும் அரிசிச் சோறு உண்டார். அதோடு பருப்பு, புளி, மிளகாய், கருவாடு. லயத்து வீட்டின் பின்புறம் ஒரு கைப்பிடி நிலம் கிடைத்தால் அதில் கீரையும் பரங்கிக் கொடியும். குளிர் மிகுந்த மலையில் முருங்கை செழிக்காது. பரங்கிக் கொழுந்து அந்தக் குறையைத் தீர்த்தது.

உலகுக்குப் பாடம் சொன்ன புழுங்கல் அரிசி

நேயர்களே, இங்கே நாம் மலையை விட்டுச் சற்று இறங்கி, மலாயாவின் மருத்துவ வரலாற்றைப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் அறியாத ஒரு பெருமை அங்கே இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக் கணக்கானவர்களைக் கொன்று வந்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களிடையே அது மிகுதி. அதே நாட்டில், அதே காற்றைச் சுவாசித்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அரிதாகவே வந்தது. ஏன்? நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்தார். சீனர்கள் உண்டது ஆலையில் வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. காரணம் அரிசியில்தான் இருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். 1907இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார்.

அதே காலத்தில் டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு சோதனை நடத்தினார். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும், மற்றொரு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், ஏறக்குறைய 300 சாவகத் தொழிலாளர்களிடையே சோதனை நடத்தி, 1909இல் இதை உறுதிப்படுத்தினர்.

இதன் உட்பொருள் என்ன? நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது, தவிட்டுப் பகுதியில் உள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. அந்தச் சத்தை 1926இல் சாவகத்தில் இருந்த டச்சு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். அதுவே நாம் இன்று ‘வைட்டமின் பி-1’ என்று அழைப்பது.

நெல்லைப் புழுக்கிய நம் முன்னோர் வைட்டமினைப் படித்தவர்கள் அல்லர். அரிசி உடையாது, பூச்சி அதிகம் அணுகாது, சோறு வயிற்றில் தங்கும் என்ற அனுபவத்தால் செய்தார்கள். அனுபவம் உயிரைக் காத்தது. ஆனால் ஏன் காத்தது என்று சொல்ல ஆய்வுக் கூடம் தேவைப்பட்டது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இந்தப் பேச்சு முழுவதற்கும் இதுவே அச்சாணி.

கப்பல் நின்ற நாள்

1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942இல் பர்மாவும் போர்க்களமாயிற்று. அரிசிக் கப்பல்கள் நின்றன. மலாயா முழுவதும் மக்கள் மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் தின்று உயிர் பிழைத்தார்கள். தோட்டத்து ஆண்கள் பலர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே பல்லாயிரவர் மாண்டனர். வீட்டில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் கிழங்கை மட்டுமே நம்பி இருந்தனர். கிழங்கு பசியை அடக்கும். உடலை வளர்க்கும் புரதம் அதில் மிகக் குறைவு. ‘ஜப்பான்காரன் காலம்’ என்று நம் முதியோர் சொல்லும்போது அவர்கள் குரல் மாறுவது இதனால்தான்.

ஆகவே பாட்டி எதையும் வீணாக்காமல் உண்டார் என்று நாம் போற்றும்போது, அதன் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. அவர் கறியைக் குறைத்தது பூமியைக் காப்பதற்காக அன்று. கறி வாங்கக் காசு இல்லாததனால். தோட்டத்துத் தாய்மாரிடையே இரத்தச் சோகையும், பிள்ளைகளிடையே ஊட்டக் குறைவும் இருந்தன. வறுமையின் தட்டை அப்படியே திரும்பக் கொண்டு வரச் சொல்வது அறியாமை. அதில் இருந்த நன்மையைப் பிரித்தெடுத்து வைத்துக் கொள்வதே அறிவுடைமை.

போருக்குப் பின் வந்த மாற்றம்

போர் முடிந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. கூலி மெல்ல உயர்ந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பெருகினர். தட்டும் மாறிற்று. தீட்டிய வெள்ளை அரிசி எங்கும் மலிந்தது. தேநீரில் டின் பாலும் சீனியும் ஏறின. பசியாறக் கோதுமை மாவு ரொட்டி வந்தது. பிற்காலத்தில் பொட்டலத்து மீயும், எண்ணெயில் பொரித்த கோழியும், வண்ணச் சர்பத்தும் வந்தன.

வயிறு நிறைந்தது, அதற்காக நாம் மகிழ வேண்டும். ஆனால் உடல் வேறு கணக்குச் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிக அதிகம். ஏறக்குறைய மூவரில் ஒருவர். ஒரு நூற்றாண்டுக்கு முன் அரிசியால் வந்த நோயிலிருந்து தப்பிய சமூகம், இன்று சீனியாலும் தீட்டிய மாவாலும் வளரும் நோயில் முன்னணியில் நிற்கிறது. இதைவிட எச்சரிக்கை வேறு வேண்டுமோ?

மலையும் மாறிற்று

தட்டு மாறிய அதே காலத்தில் நாம் வாழும் மலையும் மாறிற்று. 1960ஆம் ஆண்டுகளில் மின்சாரத்திற்காக ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை எழுந்தது. காய்கறிக்கு நாடெங்கும், சிங்கப்பூரிலும் தேவை பெருகியது. காடு வெட்டப்பட்டு, சரிவுகள் படிப்படியாக வெட்டப்பட்டு, பிளாஸ்டிக் கூரைகள் மலையெங்கும் பரவின. வேர் பிடித்திருந்த மண் மழையில் கரைந்து ஆற்றில் இறங்கியது. அணையின் கொள்ளளவில் பெரும் பகுதியை வண்டல் நிரப்பிவிட்டது.

2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலை, கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து வீடுகளையும் வாகனங்களையும் அடித்துச் சென்றது, உயிர்களும் பலியாயின. அடுத்த ஆண்டு நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளம். 2024 ஜனவரியில் புளூ வேலியில் மண் சரிந்து, உறங்கிக் கொண்டிருந்த மியன்மார் நாட்டுத் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நம் தாத்தாவைப் போலவே, பிழைப்புத் தேடிக் கடல் கடந்து மலையேறி வந்தவர்கள் அவர்கள். மலை கெட்டால் முதலில் மண்ணுக்கு அடியில் போவது கூலிக்காரன் குடிசைதான்.

இவ்விடத்தில் பருவநிலை மாற்றம் எங்கே வருகிறது? நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதாலும், காடு அழிப்பதாலும், பிற செயல்களாலும் காற்றில் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்கள் பெருகிவிட்டன. ஆலைகள் பெருகுவதற்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் உலகம் 1 பாகைக்கு மேல் சூடாகியிருக்கிறது. காற்று 1 பாகை சூடேறினால், அது ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலாக நீராவியைச் சுமக்கும். எனவே பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. வெட்டிய சரிவில் அந்த மழை விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாம் கண்டுவிட்டோம்.

மற்றொரு கணக்கையும் கேளுங்கள். மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். 1,400 மீட்டருக்கு மேலுள்ள தானா ராத்தா குளிர்வது இதனால்தான். உலகம் 1 பாகை சூடேறினால், நாம் பழகிய அதே குளிரைப் பெற இன்னும் 150 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். தேயிலையும் ஏறலாம், ஆனால் மலைக்கு ஓர் உச்சி உண்டு. பிரிஞ்சாங் உச்சிக்கு மேல் எங்கே ஏறுவது?

உலகைச் சூடாக்கியதில் கொழுந்துக் கூடை சுமப்பவரின் பங்கு கடுகளவு. அதன் கேட்டைச் சுமப்பதில் அவர் பங்கு மலையளவு. பெரும் ஆலைகளும் செல்வ நாடுகளும் முதலில் திருந்த வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

தட்டுக்கும் வானத்துக்கும் உள்ள தொடர்பு

இனிப் பல்கலைக் கழகப் பிள்ளைகள் சொல்லும் செய்திக்கு வருவோம். 2019இல் ஐக்கிய நாடுகளின் பருவநிலை ஆய்வுக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதர் வெளியேற்றும் வெப்ப வாயுக்களில், நூற்றுக்கு 21 முதல் 37 பங்கு வரை, உணவை விளைவிப்பது, பதப்படுத்துவது, ஏற்றிச் செல்வது, சமைப்பது, வீணாக்குவது ஆகியவற்றால் வருகிறது என்று அது கூறியது. வீணாகும் உணவு மட்டுமே 8 முதல் 10 பங்கு. மலேசியாவிலோ நாளொன்றுக்கு 15,000 டன்னுக்கும் மேற்பட்ட உணவு குப்பைக்குப் போகிறது.

2018இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவரும் அவர் துணைவரும், உலகெங்கும் ஏறத்தாழ 38,000 பண்ணைகளின் கணக்கைத் தொகுத்துப் பார்த்தனர். ஒரே அளவு புரதத்தைப் பெற, மாட்டிறைச்சி பருப்பைப் போலப் பல பத்து மடங்கு வெப்ப வாயுவை உண்டாக்குகிறது. ஆட்டிறைச்சியும் பல மடங்கு. அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் மீத்தேன் வாயு உண்டாவது ஒரு காரணம். மேய்ச்சலுக்குக் காடு அழிவது மற்றொரு காரணம். கோழி அவ்வளவு கேடு செய்வதில்லை. நீர் தேங்கிய நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறது. ஆகவே சோறும் முழுக்கக் குற்றமற்றதன்று. புழுங்கல் அரிசி உடலுக்கு நல்லது என்பது வேறு, வயலின் மீத்தேன் வேறு. கேழ்வரகு, கம்பு முதலிய சிறுதானியங்கள் குறைந்த நீரில் விளைபவை. அவற்றின் சிறப்பை எடுத்துச் சொல்லவே ஐக்கிய நாடுகள் 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது.

அதே 2023 நமக்கு வேறொரு பாடமும் சொன்னது. மழை பொய்க்கும் என்ற அச்சத்தாலும் உள்நாட்டு விலையேற்றத்தாலும் இந்தியா ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு நூற்றுக்கு 20 வரி விதித்தது. செப்டம்பரில் மலேசியாவில் இறக்குமதி அரிசி டன் ஒன்றுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. கடைகளில் உள்நாட்டு அரிசி கிடைக்காமல் மக்கள் அலைந்தனர். 2024இல் அத்தடை நீங்கிற்று. என்றாலும், 1942இல் போர் நிறுத்திய கப்பலை வானிலையும் நிறுத்த முடியும் என்பது விளங்கிவிட்டது.

மாணவர்கள் செய்ய வேண்டுவது

மாணவர்கள் வெறும் பேச்சோடு நின்றுவிடவில்லை. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக் கழகத்தில், 2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், ‘வெள்ளைச் சவப்பெட்டி’ என்ற பெயரில் ஓர் இயக்கம் நடந்தது. சோறு கட்டித் தரும் வெள்ளை நுரைப் பெட்டியை வளாகத்தை விட்டே விலக்கப் பாடுபட்டார்கள். மக்காத பெட்டி பூமிக்குச் சவப்பெட்டி என்பது அதன் கருத்து. மலாயாப் பல்கலைக் கழகத்தில் உணவுக் கழிவை எருவாக்கும் முயற்சி நடைபெற்றது. இவை பாராட்டத் தக்கவை.

என்றாலும், பெட்டி ஒரு பக்கம், பெட்டிக்குள் இருப்பது மறுபக்கம். பருவநிலை பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதும் பிள்ளை, விடுதியில் மூன்று வேளையும் பொரித்த கோழியும் பொட்டல மீயும் உண்பதையும், பாதிச் சோற்றை ஒதுக்குவதையும் நாம் காண்கிறோம். அறிவு மூளையில் ஏறி, நாவுக்கு இறங்காமல் நிற்கிறது. நேரமின்மையும் கையில் பணமின்மையும் உண்மையே. ஆயினும் பருப்பும் கீரையும் மலிவான உணவு. அதைச் சமைக்கத் தெரியாமைதான் பெருந் தடை. அந்தக் கல்வி பல்கலைக் கழகத்தில் இல்லை. அது நம் வீட்டு அடுப்படியில் இருக்கிறது.

ஆகவே மாணவ மணிகளே, வீட்டுக்கு வரும்போது அம்மாவுக்கும் பாட்டிக்கும் உபதேசம் செய்யாதீர்கள். அவர்களிடம் கேளுங்கள். சாம்பாரும் கீரை மசியலும் கேழ்வரகுக் கூழும் எப்படிச் செய்வது, மிஞ்சிய சோற்றைப் பழையதாக்குவது எப்படி, பரங்கிக் கொடியில் எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது என்று கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். பிறகு அதன் அறிவியலை நீங்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் சில சொற்கள். பிள்ளை படித்துவிட்டால் கூழும் கீரையும் தாழ்ந்த உணவு, கடைத் தீனிதான் உயர்வு என்ற எண்ணம் வேண்டாம். வெள்ளை அரிசிக்குப் பதில் முடிந்த நாட்களில் புழுங்கல் அரிசி ஆக்குங்கள். தேநீரில் சீனியையும் டின் பாலையும் சிறுகச் சிறுகக் குறையுங்கள். கறியை விலக்க வேண்டியதில்லை. ஆட்டுக்கறியை நல்ல நாளுக்கு வைத்துக் கொண்டு, மற்ற நாட்களில் பருப்பு, பயறு, மீன், முட்டை என்று மாற்றிக் கொள்ளலாம். வளரும் பிள்ளைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் பாலையும் முட்டையையும் குறைக்கவே கூடாது. வீட்டோரத்தில் கையகல நிலம் இருந்தால் கீரை போடுங்கள். அடுப்படிக் கழிவு அதற்கு எருவாகட்டும்.

நாம் ஒரு வேளை பருப்புச் சோறு உண்பதால் மட்டும் மலைச் சரிவு நின்றுவிடாது. வெட்டக் கூடாத காட்டை வெட்டாமல் இருக்கவும், ஆற்றங்கரையைக் காக்கவும், தொழிலாளர் குடியிருப்பைப் பத்திரமான இடத்தில் அமைக்கவும் சட்டமும் அரசும் வேண்டும். அதைக் கேட்கப் படித்த வாய் வேண்டும். நம் பிள்ளைகளைப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பியது அந்த வாய்க்காகவுந்தான்.

நூறாண்டுக்கு முன் நம் முன்னோர் புழுங்கல் அரிசியின் காரணத்தை அறியாமல் அதை உண்டு பிழைத்தார்கள். காரணம் அறியாததனால்தான், அதை விட்டபோதும் எதை விட்டோம் என்று தெரியாமல் விட்டார்கள். இன்று காரணம் தெரிந்த பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். பக்குவம் தெரிந்த பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இருவரும் ஓர் அடுப்பின் முன் அமர்வதற்கான காலம் நீளமானதன்று. அந்தக் காலம் கழியுமுன் அமரச் செய்வோம்.